மிடற்றில் நின்ற வளி

எழுத்துகளின் பிறப்பைச் சொல்லும் பாடம் மாணவர்க்கு உவப்பானதன்று. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியலை நாம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியிருக்கிறோம். பின்வரிசை மாணவர் கொட்டாவி விடாத ஆண்டு ஒன்றுகூட நினைவில் இல்லை. உந்தியில் எழும் காற்றுத் தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைகொண்டு, பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் தொழிற்படுவதால் வெவ்வேறு எழுத்தாகப் பிறக்கிறது என்பதைக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்குவோம். உயிரெழுத்துக்கும் இடையினத்துக்கும் மிடறு, மெல்லினத்துக்கு மூக்கு, வல்லினத்துக்கு நெஞ்சு என்று நன்னூலார் வகுத்ததையும் சொல்வோம். பிறகு மாணவரைத் தத்தம் தொண்டையில் விரல் வைத்து 'ஆ' என ஒலிக்கச் செய்வோம். அறுபது பேர் ஒருசேர ஒலிக்கும்போது அடுத்த வகுப்பிலிருந்து பேராசிரியர் எட்டிப் பார்ப்பார். மிடறு பற்றி நாம் கற்பித்தது அவ்வளவே. அங்கு நிற்கும் காற்று மேலே செல்லவோ உள்ளே இறங்கவோ வழியின்றித் தடைப்பட்டால் என்னவாகும் என்பதை எண்ணிப் பார்க்க நாம் விரும்பியதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

2018-ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் நம் மகள் தன் குழந்தையுடன் வந்திருந்தாள். பேரனுக்கு அப்போது அகவை ஒன்றரை. இரண்டு நாள்களாக மூக்கு ஒழுகிற்று. உடம்பில் இளஞ்சூடு இருந்தது. பிள்ளைகளுக்குச் சளி பிடிப்பது புதிதன்று என்பதால் வீட்டில் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. நள்ளிரவு கடந்து ஒரு மணி இருக்கும். தெருவில் நாய் குரைப்பதாக எண்ணி விழித்தோம். மறுபக்கம் புரண்டு படுத்தோம். மீண்டும் குரைப்பொலி. அது தெருவிலிருந்து வரவில்லை, அடுத்த அறையிலிருந்து வருகிறது என்பது புரிய ஒரு கணம் ஆயிற்று. குழந்தை இருமிக்கொண்டிருந்தான். ஒவ்வோர் இருமலுக்கும் பின்னர் மூச்சை உள்ளிழுக்கும்போது கீச்சென்று ஓர் ஒலி, துருப்பிடித்த கதவைத் திறப்பது போல எழுந்தது. அவன் வாய் திறந்து அழுதான், அழுகை வெளிவரவில்லை. காற்று மட்டுமே வந்தது.

அந்த ஐந்து நிமிடங்களில் நம் வீட்டில் நடந்தவற்றை ஒளிக்காமல் எழுதுவதே முறை. துணைவியார் வேது பிடிக்க அடுப்பில் வெந்நீர் ஏற்றினார். மகள், குழந்தையைப் படுக்க வைத்து நெஞ்சில் தைலம் தடவ முயன்றாள். அவனோ படுக்க மறுத்துத் திமிறி எழுந்தான். நாம் கற்றவர் அல்லவா! ஒரு கையில் தேக்கரண்டியும் மறு கையில் டார்ச் விளக்கும் எடுத்துக்கொண்டு, "வாயைத் திறக்கச் சொல், தொண்டையில் ஏதாவது சிக்கியிருக்கிறதா பார்ப்போம்" என்றோம். மகள் அவன் கைகளைப் பிடித்துக்கொண்டாள். கரண்டி நாக்கில் பட்டதும் குழந்தை உடம்பை வில்லாய் வளைத்தான். அந்தக் கீச்சொலி இரு மடங்காயிற்று. உதட்டோரம் நிறம் மாறியது போலத் தோன்றிற்று. அப்போது கூடத்து மூலையிலிருந்து எண்பத்து நான்கு அகவை நிறைந்த நம் அன்னையார் எழுந்து அமர்ந்து, "ஐயா, அது அந்தச் சத்தம்டா. விளக்க அணைடா" என்றார்.

விளக்கை அணைத்தோம். ஆட்டோ கிடைத்தது நல்லூழ். மருத்துவமனை செல்லும் பதினைந்து நிமிடத்தில் இருமல் சற்றே தணிந்ததை மகள் கவனித்துச் சொன்னாள். திறந்த ஆட்டோவில் முகத்தில் படும் பனிக்காற்று அதற்குக் காரணமாய் இருக்கக்கூடும் என்று பின்னாளில் அறிந்தோம். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் இந்நோயுற்ற குழந்தைகளை அரை மணி நேரம் வெளிக்குளிரில் வைத்திருந்து ஆராய்ந்து, பயன் உண்டு என 2023-இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே குளிர் 10 பாகைக்கும் கீழே. நம்மூர் மார்கழி அவ்வளவு கருணை காட்டுவதில்லை. ஒருவேளை தாய்மடியில் ஆடி அசைந்து சென்றதில் குழந்தை அழுகையை விட்டதே காரணமாகவும் இருக்கலாம்.

மருத்துவமனையின் பெயர் இங்கு வேண்டா. அன்றிரவுப் பணியில் இருந்த செவிலியருக்கு முப்பது அகவைக்கு மேல் இராது. வாயிலிலேயே குழந்தையின் மூச்சொலியைக் கேட்டுவிட்டார். ஓடி வரவில்லை, விரைந்து, ஆனால் ஓசையின்றி நடந்து வந்தார். மகள் குழந்தையை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"நீங்களே வச்சிருங்கம்மா. படுக்க வைக்க வேண்டாம். அவன் எப்படி உட்கார நினைக்கிறானோ அப்படியே உட்காரட்டும்."

அதன்பின் நம் பக்கம் திரும்பி, "ஐயா, நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க" என்றார். நாம் உரத்த குரலில் மருத்துவரைத் தேடிக்கொண்டிருந்தோம் போலும். வகுப்பில் பேசிய மாணவர் எத்தனையோ பேரை வெளியே அனுப்பியவர் நாம். அன்று நாம் வெளியேற்றப்பட்டோம். கதவருகே நின்று பார்த்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

செவிலியர் முதலில் செய்தது குழந்தையைத் தொடாமல் பார்ப்பதே. மகளைச் சட்டையைச் சற்றே தூக்கச் சொன்னார். கழுத்தெலும்புக்கு நடுவிலுள்ள குழியும், விலாவெலும்புகளின் இடைவெளிகளும் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்குவதைக் கைக்கடிகாரத்தைப் பார்த்தவாறே ஒரு நிமிடம் முழுமையாக எண்ணினார். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. குழந்தை அழும்போது மட்டும் கீச்சொலி எழுகிறதா, அமைதியாய் இருக்கும்போதும் எழுகிறதா என்று காத்திருந்து கேட்டார். ஓய்விலும் ஒலித்தால் நோய் இலேசான நிலையைக் கடந்துவிட்டது என்பது பொருள். கால் கட்டைவிரலில் ஒரு கருவியை மாட்டி அதன்மேல் காலுறையை இழுத்துவிட்டார். கண்ணுக்குத் தெரியாததைக் குழந்தை பிடுங்க மாட்டான் அன்றோ! கருவியில் 96 என்று எண் தெரிந்தது. நாம் கதவருகே நின்று மகிழ்ந்தோம். செவிலியர் மகிழவில்லை. "இந்த நம்பர் கடைசியிலதான் ஐயா குறையும், அதுக்கு முன்னாடியே பிள்ளை நமக்குச் சொல்லிடும்" என்றார். துள்ளித் திமிறிய குழந்தை காரணமின்றிச் சோர்ந்து போவதும், கீச்சொலி திடுமெனக் குறைவதும் நற்குறி என்று மயங்கக்கூடாது. மூச்சிழுக்கும் வலிமை தீர்ந்தால் ஒலியும் குறையும் என்று அவர் பின்னர் விளக்கினார்.

இந்நோய்க்கு ஆங்கில மருத்துவத்தில் குரூப் என்று பெயர். ஸ்காத்லாந்து மக்கள் வழக்கில் கரகரத்த கத்தலைக் குறித்த சொல். 1765-இல் எடின்பரோவில் பிரான்சிஸ் ஹோம் என்னும் மருத்துவர் தம் நூலின் தலைப்பில் எடுத்தாண்டு நிலைபெறச் செய்தார். ஆறு மாதம் முதல் மூன்று அகவை வரையிலான குழந்தைகளையே இது பெரிதும் தாக்குகிறது. பாராஇன்ஃப்ளூயன்சா என்னும் வைரசே பெரும்பாலும் காரணம். குரல்நாண்களுக்குச் சற்றுக் கீழே, மோதிரம் போன்ற குருத்தெலும்பு வளையம் ஒன்று உண்டு. வளையமாதலின் அது விரிந்து கொடுக்காது. உள்தோல் வீங்கினால் வீக்கம் உள்நோக்கியே வளர வேண்டும்.

கணக்கிட்டுப் பார்த்தால் இதன் கொடுமை விளங்கும். பெரியவர் ஒருவரின் மூச்சுவழி 8 மில்லிமீட்டர் அகலம் என்று கொள்வோம். சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் 6 மில்லிமீட்டர் எஞ்சும். காற்றுக்கு உண்டாகும் தடை மூன்று மடங்காகும். அவர் கரகரத்த குரலுடன் அலுவலகம் செல்வார். குழந்தையின் வழி 4 மில்லிமீட்டர். அதே 1 மில்லிமீட்டர் வீக்கத்தில் எஞ்சுவது 2 மில்லிமீட்டர். பரப்பு நான்கில் ஒன்றாகிறது. தடை 16 மடங்காகிறது. குழாயின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும் என்பது புவாசேய் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டில் கண்ட விதி. இயற்பியல் துறை நண்பரிடம் கேட்டுச் சரிபார்த்த பின்னரே இதனை எழுதுகிறோம். அழுதால் தடை இன்னும் மிகும். ஏனெனில் வலிந்து இழுக்கும் மூச்சு அந்த மெல்லிய சுவர்களையும் உள்நோக்கி இழுத்துக்கொள்கிறது. ஆகவே குழந்தையை அழவிடாமல் வைத்திருப்பது ஆறுதல் மட்டும் அன்று, மருத்துவத்தின் முதற்பகுதி என்பதை அச்செவிலியர் ஒரு சொல்லும் விளக்காமல் செய்து காட்டினார். தாயை நாற்காலியில் சாய்ந்து அமரச் செய்ததும், பளிச்சென்ற விளக்கைத் திருப்பி வைத்ததும், அழுத நம் துணைவியாரைத் தேநீர் வாங்கிவர அனுப்பியதும் எல்லாம் அந்த இரண்டு மில்லிமீட்டரைக் காப்பதற்கே.

பணி மருத்துவர் வந்தார். டெக்சாமெத்தசோன் என்னும் மருந்தை எடைக்கேற்ப அளந்து ஒரே ஒரு வேளை வாய்வழி கொடுக்கச் சொன்னார். கசப்பு மிக்க மருந்து; மூக்கைப் பிடித்து ஊற்றுவார்கள் என்று நாம் அஞ்சினோம். செவிலியரோ ஊசியில்லாத சிறு பீச்சியால் கன்னத்தின் உட்புறம் துளித்துளியாக விட்டார். ஒவ்வொரு துளிக்கும் இடையே குழந்தை விழுங்கும்வரை பொறுத்தார். அம்மருந்து வீக்கத்தை வற்றச் செய்ய ஓரிரு மணி நேரம் ஆகும். ஆயின் அதன் பயன் ஒரு நாளுக்கு மேலும் நிற்கும். அதுவரை தாங்குவதற்கு அட்ரினலின் மருந்தை நெபுலைசர் வழியாகப் புகையாய்க் கொடுத்தார்கள். முகமூடியை அவன் முகத்தில் அழுத்தவில்லை. மகளின் கையில் கொடுத்து, முதலில் அவள் முகத்தில் வைத்துக் காட்டச் சொல்லி, பிறகு மெல்ல மெல்ல அவனருகே கொண்டுவரச் செய்தார். அரை மணிக்குள் கீச்சொலி தேய்ந்தது. நாம் வீட்டுக்குப் புறப்பட ஆயத்தமானோம்.

"ரெண்டு மணி நேரத்துல அந்த மருந்தோட வேலை முடிஞ்சிடும் ஐயா. அப்பறம் மறுபடி வீங்குதான்னு பார்க்கணும். காலைலதான் போகலாம்."

அவ்விரவில் அவர் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்தார். நாடியும் மூச்சும் எண்ணிக் குறித்தார். ஏட்டை எட்டிப் பார்த்தோம். கையெழுத்து அச்சுக் கோத்தது போல இருந்தது. விடைத்தாள் திருத்திப் பழகிய கண்ணாதலின் இதனைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான்கு மணியளவில் மகளின் தோளில் குழந்தை உறங்கினான். நோய்க்கு மூலம் வைரசு என்பதால் நுண்ணுயிர்க்கொல்லி தரவில்லை. இருமல் மருந்தும் தரவில்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே. "ஊசி போடாமலா அனுப்புகிறார்கள்?" என்று துணைவியார் காலையில் குறைப்பட்டுக்கொண்டார்.

புறப்படுமுன் செவிலியரிடம் கரண்டியையும் விளக்கையும் பற்றிச் சொன்னோம். அவர் முகம் மாறியது. "இனிமே அதைச் செய்யாதீங்க ஐயா" என்றார். குரூப்பைப் போலவே மூச்சைத் தடுக்கும் வேறொரு நோய் உண்டு. குரல்வளை மூடியே வீங்கிவிடுவது. அதில் குரைக்கும் இருமல் பெரும்பாலும் இராது. கடுங்காய்ச்சல் எழும், எச்சிலை விழுங்க மாட்டாமல் வாய் ஒழுகும், கைகளை முன்னே ஊன்றி, முகவாயை நீட்டிக் குழந்தை அசையாது உட்கார்ந்திருக்கும். அந்நிலையில் நாக்கை அழுத்தி உள்ளே பார்த்தால் எஞ்சிய வழியும் அக்கணமே அடைபடலாம். மயக்க மருத்துவரும் அறுவை மருத்துவரும் அருகிருக்க, மூச்சுக்குழாய் செருகும் கருவிகளோடுதான் அதனைப் பார்ப்பார்கள். அமெரிக்காவின் முதற் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பர் 14-இல் இறந்தது இந்நோயால் என்றே மருத்துவர் பலர் கருதுகின்றனர். உடனிருந்த மூவரில் இளையவரான எலிஷா டிக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்யலாம் என்றார், மூத்தவர்கள் இசையவில்லை, குருதியை வடித்துக்கொண்டே இருந்தார்கள். குழந்தைகளிடம் இந்நோய்க்கு முதன்மைக் காரணமான ஹிப் கிருமிக்குத் தடுப்பூசி வந்தபின் இது அரிதாயிற்று. ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசியில் ஒன்றாய் அது இந்தியாவில் முதன்முதலாகத் தமிழகத்திலும் கேரளத்திலும் 2011 டிசம்பரில் வழங்கப்பட்டது. நம் பேரன் அதனைப் பெற்றிருந்தான்.

வேது பிடிப்பதைப் பற்றியும் ஒரு சொல். நீராவி தொண்டையை இளக்கும் என்பது நம் பாட்டிமார் கருத்து மட்டும் அன்று. மேலை மருத்துவமனைகளிலும் நூறாண்டுக்கு மேலாகக் குரூப் குழந்தைகளை ஈரக்காற்றில் வைத்தார்கள். கனடாவில் நடந்து 2006-இல் வெளிவந்த ஆய்வொன்று, ஈரக்காற்றுப் பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் வேறுபாடு காணவில்லை. கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளோ எங்கும் உண்டு. அன்று அடுப்பில் ஏற்றிய வெந்நீர் காலையில் குளிக்கப் பயன்பட்டது.

நிற்க. "அது அந்தச் சத்தம்" என்று அன்னையார் சொன்னதற்கு வருவோம்.

1962-இல் நமக்கு அகவை எட்டு. தங்கைக்கு நான்கு. தொண்டை அடைப்பான் ஊரில் பரவியிருந்தது. அந்நோயில் கிருமியின் நஞ்சால் தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வு படர்ந்து மூச்சை அடைக்கிறது. அந்நஞ்சு இதயத்தையும் தாக்குகிறது. மூன்றாம் நாள் இரவு தங்கைக்கு மூச்சு இழுத்தது. அக்கம்பக்கத்தார் கூடினார்கள். கைராசிக்காரர் என்று பெயர் பெற்ற முதியவர் ஒருவர் விரலில் துணி சுற்றி, மருந்து தோய்த்து, அச்சவ்வை வழித்தெடுக்க முயன்றார். அன்னையார் பிள்ளையின் கைகளைப் பிடித்துக்கொண்டார். அரிக்கேன் விளக்கை வாயருகே பிடிக்கும் வேலை நமக்குத் தரப்பட்டது. குருதி வந்தது. பின்னர் வண்டி பூட்டினார்கள். மருத்துவமனை ஒன்பது மைல். பாதி வழியில் அந்தச் சத்தம் நின்றது. தூங்கிவிட்டாள் என்றே நாம் எண்ணினோம்.

பிறப்பியல் பாடத்தை விரைந்து முடிக்க நாம் ஆண்டுதோறும் ஏன் முயன்றோம் என்பது இப்போது விளங்கும்.

அந்த இரவுக்குப் பிறகு இந்நோயின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். பிரான்சின் தூர் நகரில் பிரெத்தோன்னோ 1825-இல் இந்நோயுற்ற சிறுமி ஒருத்தியின் கழுத்தைத் திறந்து மூச்சளித்துப் பிழைக்க வைத்தார். நியூயார்க்கில் ஜோசப் ஓ'ட்வையர் 1880-களில் குரல்வளைக்குள் குழாய் செருகும் முறையை உருவாக்கினார். பெரிங், கித்தசாட்டோ இருவரும் எதிர்நஞ்சைக் கண்டு வெளியிட்டது 1890. பெரிங் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசைப் பெற்றது 1901. நம் தங்கை இறந்தபோது எதிர்நஞ்சுக்கு 72 அகவை ஆகியிருந்தது. அது ஒன்பது மைலுக்கு அப்பால் இருந்ததா என்பதுகூட நம் வீட்டில் யாருக்கும் தெரியாது. முத்தடுப்பூசியை நாடெங்கும் குழந்தைகளுக்கு அளிக்கும் திட்டம் 1978-இல்தான் தொடங்கிற்று. நோய் முற்றும் ஒழிந்ததா எனின், இல்லை. 2016-இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் அது மீண்டும் தலைகாட்டியது.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று அன்னையார் எல்லாவற்றையும் கேட்டார். மகள், குழந்தையைத் தன் மடியைவிட்டு இறக்கவே விடவில்லை என்பதையும், கையைக் காலைப் பிடித்து எதையும் செய்யக்கூடாது என்று செவிலியர் கூறியதையும் விரிவாகச் சொன்னாள். அவளுக்கு 1962 தெரியாது. அன்னையார் நெடுநேரம் பேசவில்லை. மாலையில் நம்மை அழைத்து, "பிடிக்கக் கூடாதாமாடா?" என்று கேட்டார்.

நாம் விளக்கினோம். அது வேறு நோய், இது வேறு நோய். அதற்கு எதிர்நஞ்சு ஒன்றே மருந்து. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் முடிவு அதுவாகத்தான் இருந்திருக்கும் என்றோம். அது முழு உண்மை அன்று. அடைபட்ட மூச்சோடு போராடிய குழந்தையை மேலும் போராட வைத்தோம். விளக்குப் பிடித்த நாமும் அதில் உண்டு. ஆயினும் எண்பத்து நான்கு அகவைத் தாயிடம் வேறு எதைச் சொல்ல? அவர் நம்பினாரா என்பது தெரியவில்லை. தலையை மட்டும் அசைத்தார். பிறகு, "இவனுக்கு எல்லா ஊசியும் போட்டாச்சா?" என்றார்.

மகள் தடுப்பூசி அட்டையைக் கொண்டுவந்தாள். அன்னையாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அட்டையைக் கண்ணருகே பிடித்து, தேதி எழுதிய கட்டங்களின்மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தினார். ஓரிடத்தில் விரல் நின்றது. அந்தக் கட்டம் வெறுமையாய் இருந்தது. பதினாறு மாதத்துக்கும் இருபத்து நான்கு மாதத்துக்கும் இடையே போட வேண்டிய முத்தடுப்பூசி அது; சளி பிடித்திருக்கிறதே என்று மகள் இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டிருந்தாள்.

இரண்டு வாரம் சென்றபின், குழந்தை தேறியதும், ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குச் சென்றோம். அன்னையார் தாமும் வருவதாக அடம்பிடித்து ஆட்டோவில் ஏறிக்கொண்டார். பேரன் தாய்மடியில் இருந்தபடியே ஊசியைப் பெற்றான். ஊசி ஏறியதும் தெருக்கோடி வரை கேட்கும்படி அழுதான். அன்னையார் உள்ளே வரவில்லை. வாசற்படியில் அமர்ந்து, அந்த அழுகை ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.